தண்டனை நோட்டின் மிச்சப் பக்கங்கள்

பிப்ரவரி 2, ஞாயிறு

டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. டைரி வாங்குகிற பழக்கம்தான் இல்லை. இது போர்டிங்கில் நான் வார்டனாக இருந்தபோது வைத்திருந்த தண்டனை நோட்டு. பெயர், குற்றம், தண்டனை என்று மூன்று கட்டம், என் கையால் ஸ்கேல் வைத்துப் போட்டது. மூன்றாவது கட்டத்தில் பாதிக்கு மேல் 'ஞாயிறு கறிச்சோறு கிடையாது' என்றுதான் இருக்கும். ரிட்டயர் ஆனபோது நாற்பது பக்கத்துக்கு மேல் மிச்சம். நல்ல காகிதத்தைக் கரையானுக்கு விடுவானேன்? கட்டத்தைப் பார்க்காமல் குறுக்கே எழுதிக்கொண்டு போகிறேன்.

இன்று புதுக் குருவானவரின் முதல் ஆராதனை. பெத்தேல்விளைச் சபைக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். இவர் பெண். பக்கத்து வீட்டில் இருக்கிற என் தம்பி பெண்டாட்டி ஜெயசீலி ஒரு வாரமாக என் உயிரை வாங்கினாள். "மைனி, ஐயர்னு கூப்பிடவா, ஐயரம்மான்னு கூப்பிடவா? ஐயரம்மான்னா ஐயரு பொண்டாட்டில்லா?" கடைசியில் பாஸ்டரம்மா என்று ஊர் முடிவு செய்தது.

பிரசங்கத்தில் பாஸ்டரம்மா சொன்னாள், "நான் கெத்சியாள், இந்த ஊர் போர்டிங்கில் படித்தவள். லில்லிபுஷ்பம் டீச்சர்தான் எங்கள் வார்டன்." கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

முப்பத்தோரு வருஷம், ஆயிரத்து இருநூறு பிள்ளைகள். எல்லாரையும் ஞாபகம் வைத்திருக்க முடியுமா? கெத்சியாள் என்று ஒரு பெண். தகப்பன் இல்லை. தாய் உப்பளத்தில் வேலை. இடது கைப் பழக்கம், தாவணிக்கு எப்போதும் இரண்டு ஊக்கு குத்துவாள். இதற்கு மேல் ஒன்றும் ஞாபகம் இல்லை.

அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு முன்னால் வயிறு வலித்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தோசை மாவு புளித்திருக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தோசை மாவில் ஒரு குற்றமும் இல்லை. அதே மாவில் ஜெயசீலி நாலு தோசை தின்றுவிட்டுத் தெம்பாகத்தான் இருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சபைச் செயலாளர் தனசிங் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தை நான் காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்து இந்த ஈஸ்டரோடு ஐம்பது வருஷம் ஆகிறதாம். சபை நடுவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். "ஆண்டவருக்குச் செய்ததுக்குப் பொன்னாடை எதுக்குய்யா?" என்று சொன்னேன். அவர் வற்புறுத்தினார். வேண்டவே வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னேன். மறுபடி வற்புறுத்தினார். என்ன கலர் என்று கேட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. எனக்கு முழங்கால் மடங்கவில்லை. மண்டியிட முடியாதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம், நானே கொண்டு வருகிறேன் என்று பாஸ்டரம்மா அறிவித்துவிட்டாள். இதற்கு முன் எந்த ஐயருக்கும் தோன்றாத புத்தி இது. நான் உட்காருகிற மூன்றாவது பெஞ்சுக்கு அவள் வரும்போது நான் கோயிலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நின்றேன்.

மணி அடிக்கிற மாசிலாமணி பார்த்துவிட்டார். "என்ன டீச்சர், முழங்கால் வலின்னியளே, நல்லாத்தான நிக்கிய?" என்று கேட்டார். அவர் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். இன்று முதல் ஈஸ்டர் வரைக்கும் தவசு காலம், கறி இல்லை, காப்பிக்குச் சர்க்கரை இல்லை. வேறு எதை விடலாம் என்று யோசித்தேன். ஒன்று தோன்றியது. அதை எழுதவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பாஸ்டரம்மா வீடு சந்திக்க வந்தாள். கூடவே அவளுடைய தாயார் ஞானப்பூ அம்மா. எண்பது வயது இருக்கும். உப்பில் நின்று நின்று கால் இரண்டும் வெடித்துப் போயிருக்கிறது. எனக்கென்று ஒரு டப்பா முறுக்கு சுட்டுக் கொண்டு வந்திருந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் ஞானப்பூ அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு ஒரு நன்றி சொல்லாம கண்ணை மூடிரக் கூடாதுன்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க இவளைத் தண்டிக்கலைன்னா இன்னைக்கு இந்த அங்கியைப் போட்டிருப்பாளா? ஆண்டவரு ரசத்தைத் திருடிக் குடிச்சவ கையிலயே அவரு பாத்திரத்தைக் கொடுத்திருக்காரு. போற சபையெல்லாம் இதைத்தான் சாட்சியா சொல்லுதேன்."

"அம்மா, போதும்மா," என்றாள் கெத்சியாள்.

"நடந்ததைச் சொல்ல என்னட்டி வெக்கம்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவளை அடிச்சே கூட்டிட்டுப் போனேன் டீச்சரம்மா. அந்த இடது கையைப் பிடிச்சு, அதுலயே அடிச்சேன். ஒரு வார்த்தை பேசலயே. குத்தம் இருக்கப் போய்த்தான பேசல?"

கெத்சியாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். நல்ல பதம் என்று சொன்னேன்.

மார்ச் 15, சனி

முறுக்கு டப்பாவை ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டேன். பல் வலி என்று சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. இந்த நோட்டையே பின்னால் புரட்டினேன். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

'4-4-1998. பெயர்: கெத்சியாள், பத்தாம் வகுப்பு. குற்றம்: கர்த்தருடைய பந்திக்குரிய ரசத்தைக் குடித்தது. தண்டனை: திடப்படுத்தலிலிருந்து பெயர் நீக்கம். பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புதல்.'

கையெழுத்து என்னவோ முத்துமுத்தாகத்தான் இருக்கிறது. அந்த வயதில் எனக்குக் கை நடுங்காது.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பிஷப் வந்து பிள்ளைகளின் தலையில் கை வைத்துத் திடப்படுத்தப் போகிறார், அதற்குப் பிறகுதான் திருவிருந்து வாங்கலாம். இருபத்திரண்டு பெண்கள் வெள்ளைத் தாவணி போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஸ்டோர் ரூமைப் பெருக்குகிற முறை கெத்சியாளுக்கு. நான் உள்ளே போகும்போது ரசப் பாட்டிலில் பாதி இல்லை. தக்கை கீழே கிடந்தது. அவள் தாவணி முந்தி முழுக்க ஊதாக் கறை, அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

வேறு என்ன நினைப்பேன்? யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

தண்டனையைச் சொன்னேன். போர்டிங்கில் என் சட்டம் ஒன்று உண்டு: தண்டனை சொன்ன பிறகு வாயைத் திறந்தால் தண்டனை இரட்டிப்பு. அவள் வாயைத் திறக்கவில்லை. "கையை நீட்டு" என்றேன். இடது கையை நீட்டினாள். வலது கை என்று சொல்லி மாற்ற வைத்து அடித்தேன்.

மறுநாள் இருபத்தொரு பேர் பிஷப் முன்னால் மண்டியிட்டார்கள். இவள் கறை பட்ட தாவணியோடு கடைசி பெஞ்சில் இருந்தாள். அப்படி இருக்கச் சொன்னதும் நான்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடியும் திருவிருந்து. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். ஆராதனை முடிந்த கையோடு பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

"டீச்சர், மனசு விட்டுக் கேக்கிறேன். ஒரு பொம்பள கையால வாங்க உங்களுக்குப் பிடிக்கலையா? சொல்லிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன். பக்கத்துச் சபை ஐயரை வரச் சொல்றேன்."

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்போ என் கையாலயா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். தவசு காலத்துக்கு நான் விட்டது தெரியாமல் சர்க்கரை போட்டிருந்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பன்னீர்த் திராட்சை எட்டு கிலோ வந்தது. கழுவி, காம்பு நீக்கி, பெரிய சட்டியில் ஏற்றினேன். ரசம் காய்ச்சுவதில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும், பாட்டிலையும் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். பச்சையாக வடிகட்டி அடைத்தால் உள்ளேயே புளித்துப் பொங்கி, தக்கையைத் தள்ளிவிடும்.

1998-இல் பிஷப் வருகிற அவசரத்தில் நான் கொதிக்க வைக்கவில்லை.

எழுதிவிட்டேன். இனி மீதியையும் எழுதலாம்.

அந்த மே மாதம், பிள்ளைகள் லீவில் போன பிறகு, வெள்ளையடிக்க ஸ்டோர் ரூமைத் திறந்தேன். மேல் தட்டில் மிச்சம் இருந்த பாட்டில் என் கண் முன்னாலேயே டப்பென்று வெடித்தது. ரசம் சுவரில் வழிந்தது. அதே சுவரில் அதற்குப் பக்கத்தில் பழைய கறை ஒன்று காய்ந்து கிடந்தது, நடுவில் துணி வைத்துத் துடைத்த தடத்தோடு. அந்தப் பிள்ளை குடிக்கவில்லை. ஒழுகியதைத் துடைத்திருக்கிறாள். கிழிந்த துணி கூடக் கிடைக்காமல் தன்னுடைய தாவணியால் துடைத்திருக்கிறாள்.

வெள்ளையடிக்க வந்தவரிடம் நல்லா ரெண்டு கோட் அடியுங்க என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரண்டு பாட்டில் ரசத்தையும் எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். உன் பேரில் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற வசனத்தை எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன். ஒப்பிக்காத பிள்ளைகளுக்குக் கறிச்சோறும் கிடையாது.

கெத்சியாள் கோயிலின் உடுப்பு அறையில் தனியாக இருந்தாள். பாட்டிலை மேஜையில் வைத்தேன். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அந்த வருஷம் நான் ரசத்தைக் கொதிக்க வைக்கல. அது தானா பொங்கி ஒழுகிருச்சு. நீ குடிக்கல."

அவள் சிரித்தாள். "தெரியும் டீச்சர். நான்தானே தொடச்சேன். நீங்க தெரியாம செஞ்சுட்டீங்க. அதை நான் எப்பவோ விட்டுட்டேன்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அவள் சிரித்த முகத்தோடு இருந்தாள், ரசமும் மேஜையில் இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றேன். "அந்த மே மாசமே தெரியும். இன்னொரு பாட்டில் என் முன்னாலயே வெடிச்சுது."

சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருபத்தேழு வருஷமா தெரியுமா?"

"ஆமா."

"போன மாசம் எங்கம்மா உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னாங்களே, அப்பவும் தெரியுமா?"

"ஆமா."

"ஒரு கார்டு போட்டிருக்கலாமே டீச்சர். எங்க விலாசம் உங்க ரிஜிஸ்தர்ல இருந்துச்சே."

கேட்க வந்ததைக் கேட்டேன். "எனக்குத் தண்டனை கொடு. கமிட்டியில சொல்லி என்னைத் திருவிருந்திலிருந்து நீக்கு. நான் ஏத்துக்கிடுதேன்."

அவள் எழுந்தாள். கோபத்தில் அவள் குரல் உயரவில்லை, இறங்கியது. "தண்டனை லேசு டீச்சர். அனுபவிச்சிட்டு நிமிர்ந்து நடந்து போயிரலாம். அந்தச் சுகத்தை உங்களுக்கு நான் தர மாட்டேன். என்கிட்ட சொல்லியாச்சு. எங்கம்மாகிட்ட? நான் எத்தனை தடவை சொல்லிருப்பேன்? டீச்சரம்மா பொய் சொல்லுவாங்களாட்டின்னுதான் கேப்பாங்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆராதனையில் ஆயிரம் தடவை சொன்ன ஜெபத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். நான் திருவிருந்துக்குப் போகவில்லை. இந்தத் தடவை வயிறு வலிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஜெயசீலி நாளைக்காக என் வெள்ளைப் பட்டுச் சேலையை இஸ்திரி போட்டுக் கொண்டு வந்தாள். பொன்னாடை மயில் கழுத்துக் கலராம், தனசிங் வீட்டில் போய்ப் பார்த்தே விட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மைனி, பொன்னாடையை வாங்கிட்டு அப்புறமாச் சொல்லக் கூடாதா?"

"ஏட்டி!"

"சும்மா கேட்டேன்." சேலையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். "வாங்காமலே சொல்லுங்க. நான் பக்கத்துல வந்து நிக்கேன்."

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியல் ஆராதனை. நாலரை மணிக்கே கோயில் நிரம்பிவிட்டது. அறிவிப்பு நேரத்தில் தனசிங் என்னைப் புகழ்ந்து பேசினார். ஐம்பது வருஷ ஊழியம், கண்டிப்பு, அந்தக் கண்டிப்பால் நமக்குக் கிடைத்த பாஸ்டரம்மா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார். பொன்னாடை போர்த்த ஞானப்பூ அம்மாவைக் கூப்பிட்டார். அவர்களே கேட்டு வாங்கிய பொறுப்பாம்.

நான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். ஜெயசீலி சொன்னபடியே வந்து பக்கத்தில் நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் அறிக்கை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன். அந்தக் குரல் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அதற்குப் பிறகு எப்படி வந்ததோ அப்படிச் சொன்னேன். கொதிக்காத ரசம், தாவணி, கடைசி பெஞ்சு, மே மாதம், வெள்ளையடித்த சுவர், முறுக்கு வரைக்கும்.

ஞானப்பூ அம்மா கையில் பொன்னாடை அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டார்கள். "அப்போ எம்பிள்ளை குடிக்கலையா?"

"ஒரு சொட்டு குடிக்கல. கீழே சிந்தினதைத் தொடச்சா. அதுக்குத்தான் நான் அடிச்சேன், நீங்களும் அடிச்சிய."

பொன்னாடையைத் தனசிங் கையில் திணித்துவிட்டு, அந்த வெடித்த காலோடு பலிபீடத்தின் படி ஏறினார்கள். கெத்சியாள் வெள்ளை அங்கியில் நின்றாள். அவளுடைய இடது கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்கள். "இந்தக் கையையா அடிச்சேன் மக்கா. இந்தக் கையையா." கெத்சியாள் பத்தாம் வகுப்புப் பிள்ளையாட்டம் வாய் விட்டு அழுதாள். அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது.

யார் சொன்னார்களோ தெரியாது, பாட்டுக்குழு உயிர்த்தெழுதல் பாட்டை எடுத்துவிட்டது. கோயில் மொத்தமும் எழுந்து நின்று பாடியது. ஓடு பறக்கிற மாதிரி பாடினார்கள். மாசிலாமணி ஓடிப் போய் மணியை வேறு அடித்தார்.

நான் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு ஊரெல்லாம் போயிற்று. நான் போவதாக இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இதுதான் என் இடம் என்று இருந்தேன். எல்லாரும் வாங்கி முடித்த பிறகு பாஸ்டரம்மா அப்பத் தட்டோடு நடைபாதையில் நடந்து வந்தாள். கோயிலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தகுதியில்லம்மா. தண்டனை கொடுன்னுதான் கேட்டேன். இதைக் கொடுக்காத."

அவள் குனிந்து என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "தீர்ப்பு சொன்ன பிறகு வாயைத் திறந்தா இரட்டிப்பு. அது உங்க சட்டம்." பிறகு நிமிர்ந்து, கோயிலுக்கே கேட்கிற மாதிரி, "கையை நீட்டுங்க டீச்சர்," என்றாள்.

பிரம்பும் கையுமாக அந்த வார்த்தையை நான் முப்பத்தோரு வருஷம் சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். அவள் தன்னுடைய கையால் என் கையைத் தாங்கிப் பிடித்து அப்பத்தை வைத்தாள்.

பாத்திரமும் வந்தது. நான் காய்ச்சிய ரசம்தான். சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது. நன்றாக இருந்தது.

அதே நாள், மத்தியானம்

பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் தனசிங் மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ஜெயசீலிக்குத்தான் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன். 4-4-1998 வரியின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். கடைசிப் பக்கத்தில், குறுக்கே எழுதாமல், கட்டத்துக்குள்ளேயே எழுதினேன். பெயர்: லில்லிபுஷ்பம். குற்றம்: தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ஞானப்பூ அம்மாவின் சத்தம் கேட்டது.

"டீச்சரம்மா, கறி ஆறுது. இன்னும் என்ன எழுதுதிய? நாப்பது நாளா நானும் கறி திங்கல, நீங்களும் திங்கல. ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, அதை நாளைக்குப் பாத்துக்கிடலாம். இப்ப வாங்க."

கூட வந்த கெத்சியாள் என் தோளுக்கு மேலாக எட்டி நோட்டைப் பார்த்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். இடது கையால், கட்டத்தை விட்டு வெளியே வழிகிற எழுத்தில் எழுதினாள்:

'தண்டனை: ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கறிச்சோறு. இரண்டாம் தடவை போடும்போது வேண்டாம் என்று சொல்லக் கூடாது.'

வாயைத் திறக்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.